எதிர்ப்பக்கம்

பாக்கலாமுங்க, தாராளமாப் பாக்கலாம். கைய மட்டும் சித்தெ தொடைச்சுக்கங்க. சிப்ஸு தின்னீங்கல்ல, அதுக்குத்தான். தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தாளுல எண்ணெய் பட்டா அப்பிடியே பிடிச்சுக்குது. நீங்க எங்க எறங்கோணும்? ராஜபாளையமா? அப்ப நேரம் இருக்குது. இப்பத்தான திருமங்கலம் தாண்டியிருக்கோம். நான் இத மடியில வெச்சுட்டு வந்ததையே நீங்க பாத்துட்டு வந்தீங்க. கேக்கறதுக்குச் சங்கடப்படறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுதுங்க.

ஆல்பமில்லீங்க. ஆல்பம்னு சொன்னா என்ற மக கோவிச்சுக்குவா. புஸ்தகம். அவ கல்யாணத்துப் போட்டோ புஸ்தகம். கடையில குடுத்துச் செஞ்சதில்ல. ஒவ்வொரு பக்கமும் நாங்களே கம்ப்யூட்டர்ல அடுக்குனது. நாங்கன்னா நானும் என்ற சம்பந்தியம்மாவும். இப்ப அவுங்க ஊருக்குத்தான் போயிட்டிருக்கேன், சங்கரன்கோவிலுக்கு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஒரு கடமைக்குப் போறது, வேறொண்ணும் இல்ல.

எனக்கு கோபிச்செட்டிபாளையமுங்க. பேரு சம்பூரணம். எங்கூட்டுக்காரர் உரக்கடை வெச்சிருக்கார். ஒரே பொண்ணு, தாரணி, பெங்களூர்ல வேலை. கூட வேலை செய்யற பையனையே கட்டிக்குவேன்னா. சங்கரநாராயணன்னு பேரு. நல்ல பையன், குறை சொல்லக் கூடாது. அவுங்கப்பா அவன் பள்ளிக்கூடம் போறப்பவே தவறிட்டார். அம்மா சண்முகவடிவு ஒத்தையா நின்னு ஆளாக்கி விட்டாங்க. தலைமையாசிரியையா இருந்து ஓய்வு பெத்தவுங்க. அதெல்லாம் பெரிய விசயம்தான், நான் இல்லைங்கல. ஆனா தலைமையாசிரியை ஊட்ல சம்பந்தம் வெச்சா என்ன ஆகும்னு எனக்கு அப்பத் தெரியாது.

நான் எதுலயும் தலையிடற ஆளே கிடையாதுங்க. எங்க வீதியில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. கல்யாணத்துல கூட, சமையலுக்கு யாரு, மாலை எங்க கட்டறது, மேடைக்கு என்ன பூ, மாப்பிள்ளைக்கு என்ன கலர் சட்டை, இதத் தவிர நான் ஒண்ணுமே கேட்டுக்கல. மத்ததெல்லாம் அவுங்கவுங்க இஷ்டம்னு விட்டுட்டேன்.

கல்யாணம் முடிஞ்சு ஆல்பம்னு பேச்சு வந்துது. எங்கண்ணன் மகன் கல்யாண ஆல்பத்த நீங்க பாக்கணுமே. மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரு காப்பி டம்ளருக்குள்ள நிப்பாங்க. அடுத்த பக்கத்துல பனிமலை. கோபியில ஏதுங்க பனிமலை. தாமரைப்பூ விரியுது, அதுக்குள்ள மாமனார் தலை. தாரணி அதப் பாத்துட்டு, “அம்மா, எனக்கு இது வேண்டவே வேண்டாம். படத்த மட்டும் வாங்கிக்கறோம். புஸ்தகத்த நாங்களே அடுக்கி அச்சுக்கு அனுப்பறோம்”னுட்டா.

சொல்லிட்டா, ஆனா அவுங்க ரெண்டு பேருக்கும் எங்க நேரம் இருக்குது. ஒரு நாளு போன் பண்ணி, “அம்மா, உனக்கும் அத்தைக்கும் ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். ரெண்டு பேருமே அதுல பக்கத்த மாத்தலாம். ஆளுக்குப் பாதி பாருங்க. பொழுதும் போகும்”னா.

எனக்கென்ன பொழுது போகாமயா கெடக்குது? அவ போனதுலருந்து வீடு சித்தெ சத்தமில்லாம இருந்துது, அவ்வளவுதான். டீவியக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்குவேன். சமைக்கறப்பக் கூட ஓடிட்டு இருக்கும்.

அந்த வேலை எப்பிடின்னாங்க, மொதல்ல பக்கமெல்லாம் வெள்ளையா வரும். பக்கத்துல வரிசையா மாதிரிப் பக்கங்களக் காட்டும். ஒரு பெட்டி போட்டது, ரெண்டு பெட்டி போட்டது, பெருசு ஒண்ணு அதுக்கடியில சின்னது மூணு, இப்பிடி. எதத் தொடறமோ அந்த மாதிரி பக்கம் மாறிக்கும். அப்புறம் படத்த இழுத்துட்டு வந்து பெட்டியில விட்டா உள்ள உக்காந்துக்கும். பெட்டி பத்தலன்னா மூலையப் பிடிச்சு இழுக்கலாம். படத்துல வேண்டாதவுங்க இருந்தா பெட்டிக்கு வெளியில தள்ளி விட்டுரலாம். நெசத்துல அப்பிடித் தள்ள முடியுமா சொல்லுங்க? தாரணி அவ பழைய லேப்டாப்ப இங்க விட்டுட்டுப் போயிருந்தா. போன்லயே சொல்லிக் குடுத்தா. நான் அன்னிக்கே பிடிச்சுக்கிட்டேன். என்னைய மாதிரி சீக்கிரம் பிடிச்சுக்கறவங்கள அவ பாத்ததே இல்லைன்னா.

எங்கண்ணன் அர்த்தநாரி தாய்மாமன் மாலையோட நிக்கற படத்த ஒரு பக்கத்துல முழுசாப் போட்டேன். கம்பீரமா இருந்துது. அடுத்த நாள் காலையில தொறந்து பாக்கறேன், அந்தப் பக்கத்துல ஒன்பது பெட்டி. ஒன்பதுல ஒண்ணுல எங்கண்ணன். தபால்தலையாட்டம். மத்த எட்டுலயும் யாரு தெரியுமுங்களா? அவுங்க பள்ளிக்கூடத்து டீச்சருங்க. எல்லாரும் வரிசையா நின்னுட்டு, ஏதோ இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவங்களாட்டம்.

நான் ஒண்ணுமே சொல்லல. பழையபடி மாத்தி வெச்சேன், அவ்வளவுதான். மத்தியானம் பாத்தா மறுபடியும் ஒன்பது பெட்டி. நான் மறுபடி மாத்துனேன். இப்பிடியே போச்சுங்க. நான் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து மாத்துவேன். அவுங்க சாப்பிட்டுட்டு மாத்துவாங்க. ஒருத்தருக்கொருத்தர் போன் பண்றதில்ல. கல்யாணத்துக்கப்புறம் பேசவே இல்லைன்னு வெச்சுக்கங்களேன். பொங்கலுக்கு ஒருக்கா “நல்லா இருக்கீங்களா”, “நல்லா இருக்கோம்” – அவ்வளவுதான். எனக்கு அவுங்கள பிடிக்காதுன்னு இல்ல. அவுங்க பார்வையே ஒரு மாதிரி, நம்ம நோட்டுல எங்க தப்பு இருக்குதுன்னு தேடற மாதிரி இருக்கும்.

அப்புறம் அவுங்க ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. படத்துக்குப் பக்கத்துல எழுத்து எழுத ஒரு பெட்டி வெச்சுக்கலாமுங்க. ஒரு நாள் தொறந்தா, டீச்சருங்க படத்துக்குக் கீழ எழுதியிருக்குது: “இப்படம் இவ்விடத்திலேயே இருக்கட்டும். ச. வடிவு.” கையெழுத்தோட. அரசாங்கத்துலருந்து வந்த மாதிரி. நானும் எழுதத் தெரியாதவளா? அதுக்கடியிலயே ஒரு பெட்டி போட்டு, “இருக்கட்டுமுங்க. சித்தெ சின்னதா இருக்கட்டுமுங்க. சம்பூரணம்”னு எழுதுனேன். அடுத்த நாள், “அளவு போதுமானதே.” நான், “கண்ணுக்கு எல்லாருந்தான் முக்கியமுங்க.” அவுங்க, “வாக்கியம் தெளிவாக இல்லை.” பாத்தீங்களா, எனக்கே திருத்தம் போட்டாங்க.

தாரணி ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டா. “அம்மா, என்ன பண்ணிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்? இதெல்லாம் அப்பிடியே அச்சாயிரும். நாளைக்கு எங்க பிள்ளைங்க புஸ்தகத்தத் தொறந்தா ‘வாக்கியம் தெளிவாக இல்லை’ன்னு இருக்கும்.” சிரிக்கிறாளா கோவப்படறாளான்னு தெரியல. “ரெண்டு பேரும் முடிக்கலன்னா கம்ப்யூட்டரே தானா அடுக்கிக் குடுக்கற ஒரு பட்டன் இருக்குது. அத அமுக்கிருவேன்”னா.

அந்தப் பட்டன அமுக்குனா என்னாகும்னு ஒருக்கா பாத்தனுங்க. அட்டைப்படத்துல சமையக்காரர் வந்தார். கரண்டியோட. அதுக்கு எங்களத் தெரியுமா, ஆரு யாருன்னு.

சரின்னு, நானும் விட்டுக் குடுத்துப் போலாம்னு அவுங்க பக்கத்து ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் நிக்கற படத்த எடுத்து, ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் பெருசா விரிச்சுப் போட்டேன். பாருங்க, எவ்வளவு பெரிய மனசு. மூணாவது நிமிசம் போன் அடிக்குது. அவுங்களேதான், மொதல் தடவையா.

“மதினி,” ன்னாங்க. அவுங்க ஊர்ல அப்பிடித்தான் கூப்பிடுவாங்களாம். “மதினி, எங்க அண்ணனக் கொண்டு மடிப்புக்குள்ள வச்சிட்டியளே.”

“என்ன மடிப்புங்க?”

“புஸ்தகம்னா நடுவுல மடிப்பு இருக்கும்லா. படத்துக்கு நட்ட நடுவுல எங்க அண்ணன் நிக்காக. அச்சாகி வந்தா அவுக மூக்கு தையலுக்குள்ள போயிரும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணுதான் தெரியும்.”

நான் வேணும்னு செய்யலீங்க. எங்கண்ணன அவுங்க தபால்தலையாக்குனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு மடிப்பு இருக்குதுங்கறதே தோணல. ஆனா அவுங்க அண்ணன் ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கண்ண வெச்சுட்டு மூக்கில்லாம நிக்கறத நெனைச்சேன் பாருங்க, எனக்கு அடக்கவே முடியல. சிரிச்சுட்டேன். போன்ல அந்தப் பக்கம் சத்தமே இல்ல. போச்சுடா, கோவிச்சுக்கிட்டாங்கன்னு நெனைச்சேன். அப்புறம் பாத்தா அவுங்களும் சிரிக்கறாங்க. தலைமையாசிரியை சிரிக்கறத நான் அன்னிக்குத்தான் கேட்டேன். இருமற மாதிரி ஆரம்பிச்சு நிக்காமப் போகுது.

“சித்தெ நகத்தி வெச்சுரலாமுங்க,” ன்னேன். “நடுவுல தூண் வர்ற மாதிரி தள்ளுனா மடிப்புல தூண்தான போகும்.”

“அதுதான் சரி. தூணுக்கு மூக்கு கிடையாது,” ன்னாங்க. அப்புறம், “சாப்பிட்டியளா?”ன்னாங்க.

அதுலருந்து தெனமும் போன் வரும். அவுங்க பண்ணலன்னா நான் பண்ணுவேன். பேசறது பூரா புஸ்தகத்தப் பத்தித்தான். நடுவுல அவுங்க முழங்கால் வலி, என்ற தைராய்டு மாத்திரை, அவுங்க ஊட்டுக்குப் பின்னால புதுசா வந்தவங்க வளக்கற நாயி, எங்க மாடு கன்னு போட்டது, இது மாதிரி ரெண்டு வார்த்தை வரும், அவ்வளவுதான். மத்தபடி ஒட்டுறவு ஒண்ணும் கிடையாது. டீவி போடறதக் கூட விட்டுட்டேன், அவுங்க பேசறது காதுல விழுகறதில்லைன்னு.

இங்க பாருங்க, இந்தப் பக்கத்துல, கீழ ஓரத்துல. பொடி எழுத்துல என்ன இருக்குது? படிங்க. “மதினி, இன்று என்ன குழம்பு?” எடுக்க மறந்துட்டோமுங்க. அச்சாயிருச்சு. தாரணி பாத்தா என்ன சொல்லுவாளோ. தட்டைப்பயறுக் குழம்புங்க அன்னிக்கு.

ஒரு நாளு அவுங்க கூப்பிட்டு, “மதினி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. அண்ணாச்சி எங்க?”ன்னாங்க.

“கடைக்குப் போயிட்டாருங்களே.”

“அது இல்ல. புஸ்தகத்துல எங்க? மொத பக்கத்துலருந்து கடைசி வரைக்கும் பாத்துட்டேன். பொண்ணோட அப்பாவக் காணலியே.”

“இருக்காருங்க. தாரை வாக்கற படத்துல பாருங்க, செம்பு பிடிச்சுட்டு.”

“செம்பு தெரியுது. கை தெரியுது. மொழங்கைக்கு மேல ஒண்ணும் இல்லியே மதினி.”

பாத்தேன். நெசந்தான். அந்தப் பெட்டி உசரமா, குறுகலா இருந்துதுங்க. படம் அகலம். யாரையாவது விட்டுத்தான ஆகோணும். அவர் ஓரமா நின்னார். ஓரமா நின்னா நான் என்ன பண்றது? மத்த படத்துல அவர் இருக்கவே மாட்டார். போட்டோக்காரர் வந்தா இவர் நகந்துக்குவார். பந்திக்கட்டுல தண்ணி வெச்சாச்சா, பஸ்ஸு வந்துருச்சா, ஆருக்கு எலை போடோணும், இப்பிடி ஓடிட்டே இருப்பார். எல்லாம் போட்டோக்காரர் தப்புங்க. அவரத் தேடிப் பிடிச்சு எடுத்திருக்கோணும்.

சம்பந்தியம்மா அதோட விடல. போட்டோக்காரர் குடுத்தது ஆயிரக்கணக்குல இருந்துது. நாங்க நல்லதா இருக்கறத மட்டும் எடுத்துட்டு மிச்சத்தப் பாக்கவே இல்ல. அவுங்க பரீட்சப் பேப்பர் திருத்தற மாதிரி ஒண்ணு விடாமப் பாத்திருக்காங்க. ரெண்டு மூணு நாள் போன் இல்ல. எனக்கு என்னமோ போல இருந்துது, ஒடம்பு சரியில்லையோன்னு. அப்புறம் ஒரு மத்தியானம், “மதினி, லேப்டாப்பத் தொறங்க”ன்னாங்க.

தொறந்தேன். இந்தப் படந்தானுங்க. பாருங்க.

பொண்ணு மாப்பிள்ளை காரு போனப்புறம் எடுத்தது. மண்டபத்து வாசல்ல கட்டுன வாழைமரம் சாஞ்சு கெடக்குது. ஒருத்தரும் இல்ல. எங்கூட்டுக்காரர் மட்டும் படியில உக்காந்துட்டு ரோட்டையே பாக்கறார். கையில என்னன்னு பாருங்க. தாரணியோட பழைய செருப்பு. மண்டபத்துக்கு வர்றப்பப் போட்டுட்டு வந்தது. போறப்பப் புதுச் செருப்பு மாட்டிக்கிட்டு இத விட்டுட்டுப் போயிட்டா. அதைய எடுத்துக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்கார்.

எனக்கு இது தெரியவே தெரியாதுங்க. நான் உள்ள சீர்ச்சாமானெல்லாம் சரி பாத்துட்டு இருந்தேன். ஊட்டுக்கு வந்து, “ஆளு எங்க போனீங்க, நான் தேடிட்டிருக்கேன்”னு சத்தம் போட்டேன்.

“மதினி, இருக்கியளா?”ன்னாங்க போன்ல.

“இருக்கனுங்க. பால் அடுப்புல இருக்குது”ன்னு வெச்சுட்டேன். அடுப்புல பால் ஒண்ணும் இல்ல. அப்புறம் போய் வெச்சேன். அது பொங்கி அடுப்பெல்லாம் ஆயிருச்சு, நான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன்.

சாயங்காலம் அவுங்களே கூப்பிட்டு, “இதுக்குப் பெட்டியே வேண்டாம் மதினி. ரெண்டு பக்கமும் ஓரம் வரைக்கும் ஒத்தைப் படமா விட்டிருவோம். அண்ணாச்சி வலது பக்கம் வந்திருவாக, மடிப்புல வெறுஞ் சுவருதான்”ன்னாங்க. ஆனா தாரணி இத்தனை பக்கத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லிட்டா. புதுசா ரெண்டு பக்கம் வேணும்னா பழசுல ரெண்டு போகோணும். “எங்க டீச்சர்மாரு பக்கம் ரெண்டையும் எடுத்திருங்க”ன்னாங்க. பாருங்களேன். அந்தப் பக்கத்துக்காக எங்கிட்ட என்ன பாடு பட்டாங்க.

அவுங்க விட்டுக் குடுத்து நான் வாங்கிக்கறதா? எங்கூட்டுக்காரருக்கு எடம் குடுக்க எனக்கு வக்கில்லையா? அவுங்க டீச்சருங்க பக்கத்த அப்பிடியே வெச்சுட்டு, என்ற பொறந்த ஊட்டுக்காரங்க பக்கம் ரெண்டையும் எடுத்தேன். அவுங்க வந்து பாத்துட்டு என்ற பக்கத்த வெச்சுட்டு அவுங்களுத எடுத்துட்டாங்க. மறுபடியும் ஆரம்பிச்சுருச்சு. காலையில நான் அவுங்க டீச்சருங்கள உள்ள கொண்டாந்தா, மத்தியானம் அவுங்க எங்கண்ணனக் கொண்டாந்துருவாங்க. தாரணி வந்துதான் ரெண்டு தரப்பையும் ஒவ்வொரு பக்கமாக் கொறைச்சு முடிச்சு வெச்சா. “உங்க சண்டையே எனக்குப் புரியல”ன்னா.

அதுக்கப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை. அவுங்க எங்கூட்டுக்காரரக் காணோம்னு சொன்னாங்களே, அவுங்க எங்க இருக்காங்கன்னு பாப்போம்னு நானும் மொதல்லருந்து பொரட்டுனேன். வரவேற்புல இருக்காங்க. பந்தியில இருக்காங்க. முகூர்த்தத்துல இல்ல. தாலி கட்டற படம் அத்தனை இருக்குது. மேடையில எங்கண்ணன் இருக்கார், நான் இருக்கேன், எங்க பெரியம்மா இருக்காங்க, ஆரோ போன் பேசிட்டு நிக்கறான். பையனப் பெத்தவுங்க ஒண்ணுலயும் இல்ல.

தாரணிகிட்டக் கேட்டேன். “அர்த்தநாரி மாமா அத்தைகிட்டத் தாலி கட்டற நேரத்துல மட்டும் தள்ளி நின்னுக்கச் சொன்னாராம்மா. அத்தை யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாங்க. உன்ற மாப்பிள்ளைதான் அது காதுல விழுந்து எங்கிட்டச் சொன்னார்”னா.

எங்கண்ணன் அப்பிடிப்பட்ட ஆளே இல்லீங்க. வெதவை அது இதுன்னு பேதம் பாக்கறவரே கிடையாது. மேடையில கூட்டம். தள்ளி நில்லுங்கன்னு எல்லாரையுந்தான் சொல்லியிருப்பார். அவுங்க ஒருத்தர் மட்டும் அதக் கேட்டு நடந்திருக்காங்க, அவ்வளவுதான் இருக்கும். இதத்தான் தாரணிகிட்டயும் சொன்னேன். அன்னிக்குச் சோறே எறங்கல எனக்கு. அஜீரணம்னு நெனைக்கறேன்.

அப்புறம் நானும் அந்த ஆயிரக்கணக்கான படத்தத் தொறந்தேன். அவுங்களால முடிஞ்சா என்னால முடியாதா? பாத்தேன், பாத்தேன், கண்ணே பூத்துப் போச்சு. மேடைக்குப் பின்னால இருந்து கூட்டத்தப் பாத்து ஒருத்தர் எடுத்தது கொஞ்சம் இருந்துது. அதுல ஒண்ணு. எல்லாரும் அட்சதை போடறாங்க. பூரா கையும் தலையுந்தான். எல்லாத் தலைக்கும் மேல, கடைசியில, தூணுக்குப் பக்கத்துல ஒருத்தங்க ஒசரமாத் தெரியறாங்க. இழுத்துப் பெருசாக்கிப் பாத்தேன். சம்பந்தியம்மா. பிளாஸ்டிக் சேர் மேல ஏறி நிக்கறாங்க. அந்த முழங்கால வெச்சுட்டு. ஒரு கையில தூணப் பிடிச்சுட்டு, இன்னொரு கையில அரிசிய வீசறாங்க. அரிசி அப்பிடியே காத்துல நிக்குது. வாயெல்லாம் பல்லு. சின்னப் பிள்ளைங்க தேர் பாக்கற மாதிரி.

இந்தாங்க, இதுதான். அவசரப்படாதீங்க, மொதல்ல இடப்பக்கத்தப் பாருங்க. தாலி கட்டறது. இப்ப வலப்பக்கம். பாத்தீங்களா?

நான் மொதல்ல படத்தத் தாலி கட்டறதுக்கு முந்துன பக்கத்துல வெச்சேன், சரியா வரல. இடப்பக்கம் வெச்சா அவுங்க பார்வை வெளிய போயிருது, எதையோ வேடிக்கை பாக்கற மாதிரி ஆகுது. வலப்பக்கம், தாலி கட்டறதுக்கு நேர் எதிர்ல வெச்சதும் அவுங்க பார்வை நேராப் போய் மகன் கைமேல விழுந்துது. புஸ்தகத்துக்குள்ள நடுவுல ஒருத்தருமே இல்ல. அவுங்களும் அவனும் தாரணியும்தான். ரொம்பப் பெருசாக்குனேன், ஒடனே மஞ்சளா ஒரு முக்கோணம் வந்து படம் தெளிவா இருக்காதுன்னுது. அப்புறம் கொறைச்சேன், போகல. இன்னும் கொறைச்சேன், போயிருச்சு. சுத்தியும் வெள்ளையா விட்டுட்டேன். அந்த எடத்துல மொதல்ல எங்கண்ணன் முழுப்பக்கம் இருந்தார். அவரப் பந்திப் பக்கத்துக்கு மாத்திட்டேன். பக்க அமைப்புக்கு ஒத்து வரல, வேறொண்ணும் இல்ல.

சம்பந்தியம்மாகிட்டச் சொல்லல. அவுங்க பாத்தா எடுத்துருவாங்க. அச்சுக்குப் போயிட்டா லிங்க் மூடிக்கும். தாரணியக் கூப்பிட்டு, “இப்பவே அச்சுக்கு அனுப்பு, இந்த நிமிசமே”ன்னேன். அவ அந்தப் பக்கத்தத் தொறந்தா. மூக்கு உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுது. பெங்களூர்ல எப்பப் பாத்தாலும் சளிதான்.

போன வாரம் பார்சல் வந்துது, எங்க கடை விலாசத்துக்கு. மத்தியானம் எங்கூட்டுக்காரர் சோத்துக்கு வரல. என்னன்னு போய்ப் பாத்தா, கடையில உரம் வாங்க வந்தவங்க நாலஞ்சு பேரு சுத்தி நிக்கறாங்க. இவர் நடுவுல உக்காந்து படியில உக்காந்திருக்கற பக்கத்தத் தொறந்து வெச்சிருக்கார். “இது நாந்தான்”னு ஒருத்தர்கிட்டச் சொல்றார். போட்டோவுக்கு ஓடி ஒளியற மனுசன். என்னையப் பாத்ததும் மூடிட்டார். “பார்சல்ல ஒடைசல் இருக்குதான்னு பாத்தேன்”னார்.

எங்கண்ணனும் வந்து பாத்தார். அவர் படத்தப் பந்தியில பாத்து மொகம் சுளிச்சார். “நான் என்ன சாம்பாருக்கா வந்தேன்?”னார். அப்புறம் திருப்பித் திருப்பி இந்த எடத்துக்கு வந்தார். சித்த நேரம் திருப்பவே இல்ல. “சம்பந்தியம்மா ஏன் சேர் மேல ஏறி நிக்கறாங்க?”ன்னார்.

“முன்னால நிக்க எடம் கெடைக்கலையாட்டம் இருக்குதுங்கண்ணா,” ன்னேன்.

அவர் தண்ணி கேட்டுக் குடிச்சார். அப்பிடியே கெளம்பிட்டார். நேத்துச் சாயங்காலம் ஆளு அனுப்பி, அதோ மேல இருக்குது பாருங்க, அந்த மூட்டை, நாட்டுச் சர்க்கரை, குடுத்து விட்டிருக்கார், சம்பந்தியம்மாவுக்குன்னு. என்னால தூக்கவே முடியல. அடுத்த தடவை அவரே வந்து பாக்கறாராம். நாந்தான் சொன்னனுங்களே, எங்கண்ணன் நல்ல மனுசன்.

இல்லீங்க, தாரணியும் மாப்பிள்ளையும் வரல. லீவு இல்ல. எங்கூட்டுக்காரருக்குக் கடை. நான் மட்டுந்தான். ஒரு வாரம் இருந்துட்டு வரச் சொல்றாங்க. தபசு பாத்துட்டு ஒடனே திரும்பலாம்னு இருந்தேன், ஆனா அவுங்க ஒத்தையா இருக்கறாங்க, பேச்சுத் துணைக்கு ஆளில்ல, பாவம். அதுக்காக இருக்கலாம்னுதான். புஸ்தகத்தக் கூரியர்ல அனுப்பியிருக்கலாமேன்னு கேப்பீங்க. மூலை நசுங்கிருங்க. கையில கொண்டு போனாத்தான் சரி.

ராஜபாளையம் வந்துருச்சாட்டம் இருக்குதுங்க. பையெல்லாம் எடுத்துட்டீங்களா? பாத்து எறங்குங்க.

அவுங்க இத இன்னும் கண்ணால பாக்கலீங்க. கண்ணாடிய எங்கியாவது வெச்சுட்டுத் தேடறதே அவுங்களுக்கு வேலை. நான் போனதும் மொதல்ல கண்ணாடியத் தேடி எடுத்துத் தொடைச்சுக் குடுத்துருவேன். அப்புறம்தான் புஸ்தகம். மொதல் பக்கத்துலருந்து ஒவ்வொண்ணாத் திருப்பிட்டு வரட்டும், குறை எதும் இருந்தாச் சொல்லட்டும், நான் பேசவே மாட்டேன். பக்கத்துல உக்காரக் கூடாதுங்க. பக்கத்துல உக்காந்தா மொகம் தெரியாது. எதிர்ல ஒரு சேர் போட்டு உக்காந்துக்குவேன்.